எண் எழுதாத விமானம்

அத்தியாயம் 11

போகிக்கு வெளியறையைத் துடைக்கத் திறந்தபோது, மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் விமானத்துக்கு இடது இறக்கை முளைத்திருந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் பார்த்தால், வலது இறக்கையும் இருந்தது.

ஏழு வருஷம் இறக்கை இல்லாமல் கிடந்த விமானம் அது. ஒரு சாண் நீளம்தான். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த வெற்றிவேல், கடைசியாக லீவில் வந்தபோது மெட்ராஸ் பர்மா பஜாரில் வாங்கி வந்தது. உடம்பை மட்டும் ஒட்டிப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. தீவுகளைப் பார்த்துக் கடலுக்கு மேலே போன சரக்கு விமானம் ஒன்று காணாமல் போனபோது, அதற்குள் அவனும் இருந்தான். ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அந்த அறைக்கு ஒரே சாவி. அது சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அப்படியிருக்க, உள்ளே உட்கார்ந்து இறக்கையை ஒட்டியது யார்? வெற்றிவேலின் மனைவி சந்திரலேகா, இந்தக் கேள்வியோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் போன வாரம் அவளை விட்டிருந்தோம். அப்படியே நிற்க அவளுக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. எட்டரைக்குள் செராமிக் கம்பெனியில் இருக்க வேண்டும்.

சமையலறையிலிருந்து மாமியார் பாஞ்சாலை வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர், மேலே மூடி. அறையைத் திறந்து விமானத்துக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்தாள்.

“இன்னைக்குமா அத்தை?”

“ஏன், நேத்து வச்சது காலியாத்தான இருந்துது? நீயுந்தான பார்த்த.”

பார்த்திருந்தாள். காலையில் வைத்த காபி, சாயங்காலம் திறந்தால் இருக்காது. டம்ளரின் அடியில் பழுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருக்கும். மூடி சரியாக மூடியிருக்கும். பூனைக்கு மூடத் தெரியாது.

“யாரு அத்தை குடிக்கிறாங்க?”

“குடிக்கிறவங்க குடிக்கட்டும்.” பாஞ்சாலை கதவைப் பூட்டினாள். “நான் கொளஞ்சியப்பரு கோயிலுக்குப் போயிட்டு வரேன். பால்வாடிக்கு லீவு சொல்லிட்டேன். இன்னையோட தொண்ணூறு நாளு முடியுது.”

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அவள் மணவாளநல்லூரில் இருக்கும் அந்தக் கோயிலில் பிராது கட்டியிருந்தாள். தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிய மனு. ‘என் பிள்ளையைக் காட்டு. காட்ட முடியாது என்றால், என்ன ஆனான் என்றாவது சொல்லு.’ தொண்ணூறு நாளில் பதில் வந்துவிடும் என்று அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் நம்புவார்கள்.

“பதில் வரலைன்னா?” என்றாள் சந்திரலேகா.

“தவணை கேப்பேன். கோர்ட்டுல குடுக்குறாங்கல்ல?”

செருப்பை மாட்டிக்கொண்டு பாஞ்சாலை தெருவில் இறங்கினாள். மாமனார் கோவிந்தராசு ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். அந்த அறைப் பக்கம் நடக்கும்போது முகத்தைத் தெருவுக்குத் திருப்பிக்கொள்வார். ஏழு வருஷத்தில் அவர் அதன் கதவைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

வீடு காலியானது. சந்திரலேகா பூட்டிய கதவைப் பார்த்தாள்.

அவளும் ஒரு காரியம் செய்திருந்தாள். மாமியாரிடம் சொல்லவில்லை. புதன்கிழமை காலை, பெட்டிக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த வெற்றிவேலின் சீப்பை எடுத்து, விமானத்துக்கு முன்னால் மேசையின் நட்ட நடுவில் வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது சீப்பு மேசையின் ஓரத்தில் இருந்தது. பல் எல்லாம் சுவரைப் பார்த்தபடி, ஒழுங்காக.

அன்று அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். எட்டு மாதம் வாழ்ந்து, ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு, பயம் வர வேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்திருந்தது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

*

செராமிக் கம்பெனியில் சந்திரலேகாவுக்கு எழுத்து வேலை. சூளைக்குப் போகும் முன் கப்புகளின் வயிற்றில் ஓட்டல் பெயரை மெல்லிய பிரஷ்ஷால் எழுதுவாள். விளிம்பில் நீலக் கோடு இழுப்பாள். கை நடுங்கினால் கப்பு வீண்.

இன்று கை நடுங்கியது. பத்து மணிக்குள் மூன்று கப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

பதினொன்றரைக்கு டீ குடிக்க எழுந்து, அச்சுப் பிரிவு வழியாகப் போனாள். அங்கே தனக்கோடி குந்தி உட்கார்ந்து கூஜாக்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பாதி அச்சிலிருந்து வரும் பாத்திரத்தில், பாதிகள் சேரும் இடத்தில் ஒரு கோடு புடைத்து நிற்கும். தனக்கோடி பிளேடால் அதை ஒரே இழுப்பில் சீவினாள். ஈர ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக ஒரு முறை. பிறகு கட்டைவிரலால் ஒரு தடவல். கோடு இருந்த இடமே தெரியவில்லை.

சந்திரலேகா அப்படியே நின்றாள்.

வெற்றிவேல் ஒட்டிய விமான உடம்பில் முதுகு நெடுக ஒரு கோடு இருந்தது. லீவு முடிந்ததால் அதைத் தேய்க்காமல் போயிருந்தான். ஏழு வருஷம் அவள் வெள்ளிக்கிழமைதோறும் தூசி துடைத்த கோடு அது. போகிக்குப் பிறகு அந்தக் கோடு இல்லை. இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“தனம், எங்க மாமா எங்க?”

கோவிந்தராசுவின் இடம் காலியாக இருந்தது. முப்பது வருஷம் அச்சுப் பிரிவில் இருப்பவர். தனக்கோடிக்கு இந்த வேலையைப் பழக்கியதே அவர்தான்.

“பெரியவரா? இப்பதான் சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போறாரு. சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போறாராம்.”

“அவரு தூக்குல கொண்டாந்துதான சாப்பிடுவாரு?”

“மார்கழிக் கடைசியிலேருந்து அப்படித்தான் போறாரு அக்கா. ஒனக்குத் தெரியாதா?”

சந்திரலேகா சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொன்னாள். காரணம் கேட்டார். வீட்டில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னாள்.

*

வெளியறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சுவரோரம் சைக்கிள்.

உள்ளே கோவிந்தராசு தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். முன்னால் விமானம். வலது கை விரல்களுக்கு நடுவில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை இறக்கையில் இருந்த காற்றாடியின் முனையில் பொருத்தினார். பத்து எண்ணுகிற நேரம் அசையாமல் பிடித்திருந்தார். பிறகு ஊதினார். காற்றாடி சுற்றியது.

“மாமா” என்றாள்.

அவர் திடுக்கிடவில்லை. தோள்கள் மட்டும் மெல்ல இறங்கின.

“வந்துட்டியா. நீதான் கண்டுபிடிப்பன்னு நெனச்சேன். கை வேலை தெரிஞ்சவ.”

சந்திரலேகா கதவிலேயே சாய்ந்துகொண்டாள். கண்ணில் நீர் வந்தது. எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் வரவில்லை. ஒரு வாரமாக மனசுக்குள் நடமாடியவன் வரவே இல்லை.

“சீப்பு?” என்றாள்.

“நான்தான் ஓரமா நவுத்தி வச்சேன். பிசின் பட்டுடப் போவுதுன்னு.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “அடடா... நீ அவன்னு நெனச்சிட்டியாம்மா?”

வந்து எதிரில் உட்கார்ந்தாள். தரையில் ஜெர்மன் எழுத்தில் ஒரு தாள் கிடந்தது. எந்தத் துண்டை எங்கே ஒட்டுவது என்று படம் படமாக, எண் போட்டு இருந்தது. பதினொன்றாம் படம் வரை பென்சிலில் மெல்லிய டிக். அது வெற்றிவேல் போட்டது. பன்னிரண்டிலிருந்து தாள் கிழிகிற மாதிரி அழுத்தமான டிக்.

“படிக்கத் தெரியலன்னாலும் படம் தெரியுதே. அவன் வச்சிருந்த பிசின் காஞ்சி கல்லாயிடுச்சு. போர்டு கடையில பிளாஸ்டிக் எழுத்து ஒட்டுற மருந்து கேட்டு வாங்கியாந்தேன். முதுகுக் கோட்ட உப்புத்தாள் வச்சித் தண்ணி தொட்டுத் தேச்சேன். நம்ம கூஜாவுக்குத் தேய்க்கிற மாதிரிதான்.”

“ஏன் மாமா? ஏழு வருஷம் திரும்பிக்கூடப் பார்க்கல நீங்க.”

கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றினார். நூல் காதில் சிக்கியது. அவசரப்படாமல் எடுத்தார்.

“நாளைக்குத் தை அமாவாசை. ஊரே மணிமுத்தாத்துல எறங்கும். இந்த ஆத்துல கரைச்சா எலும்பு கூழாங்கல்லா மாறிடும்னு எங்கெங்கேயோ இருந்து கொண்டாறாங்க. நான் எத்த கொண்டு போறது? போன வருஷம் வெறுங்கையோட போயி நின்னேன் சந்திரா. அய்யரு ‘அஸ்தி எங்க’ன்னாரு. கரையேறி வந்துட்டேன்.”

அவர் விரல் இறக்கையின் விளிம்பில் ஓடியது.

“அவன் கை பட்டது இது ஒண்ணுதான். இத வுட்டுடலாம்னு நெனச்சேன். ஆனா பாதியா கெடக்குறத எப்படி வுடுறது?”

“அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவ எம்புள்ள இருக்கான்னு சொல்றவ. அவகிட்டப் போயி ஆத்துல வுடப் போறேன்னு எந்த வாயால சொல்றது? அவ காபி வைக்க ஆரம்பிச்சதும் எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. டம்ளரு நெறைய இருந்தா அவ மனசு என்னா ஆவும்? அதான் குடிச்சிட்டு மூடி வச்சிடுவேன்.”

மேசைமேல் டம்ளர் இருந்தது. இன்று அவர் இன்னும் குடிக்கவில்லை. சந்திரலேகா மூடியை எடுத்து, ஏதோ தோன்றி, ஒரு வாய் குடித்தாள்.

சர்க்கரை இல்லை.

மறுபடி ஒரு வாய். துளிகூட இல்லை.

“மாமா, இதுல சர்க்கரையே இல்ல.”

“ஆமாம். எனக்குத்தான் அஞ்சு வருஷமா சுகர் இருக்குதே, நான் சர்க்கரை போட்டா...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“அவுருக்கு மூணு கரண்டி போடணும். பத்தலைன்னு நாலாவது கேப்பாரு” என்றாள் சந்திரலேகா. “அவுரு குடிக்கிறாருன்னு நெனச்சிருந்தா, அத்தை சர்க்கரை போடாம வச்சிருப்பாங்களா?”

கோவிந்தராசு டம்ளரை வாங்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ எழுதியிருப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ... அவளுக்குத் தெரியுமா?”

“முதல் நாள்லேருந்தே தெரிஞ்சிருக்கும் போலருக்குது.”

அவர் சுவரில் சாய்ந்தார். பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போலப் பேச ஆரம்பித்தார்.

“நான் அவனச் சபிச்சிட்டேம்மா. அது உனக்குத் தெரியாது. அந்த லீவுல பத்து நாளும் இந்த ரூமுலயே உக்காந்துக்கிட்டு இருந்தான். தாய்மாமன் வூட்டுக்குப் போவல, பங்காளி வூட்டுக்குப் போவல. கெளம்புற அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துடுச்சு. ‘பொம்ம கட்டுறவனுக்கு எதுக்குடா வூடு வாசல்? இந்தப் பொம்ம மேலயே ஏறிப் போயிடு. இனிமே இந்தப் பக்கம் வராத’ன்னுட்டேன். ஒண்ணும் பேசாம பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனான். ரயிலடிக்குக்கூட நான் போவல.”

சந்திரலேகாவுக்கு அந்தக் காலை நினைவு இருந்தது. ஏன் வாடிப்போயிருக்கிறீர்கள் என்று பிளாட்பாரத்தில் கேட்டாள். பசி என்று சொல்லிச் சிரித்தான்.

“மூணாம் மாசம் தந்தி வந்துது” என்றார் கோவிந்தராசு. “நான் சொன்னது மாதிரியே ஏறிப் போயிட்டான்.”

தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டது.

*

பாஞ்சாலை உள்ளே வந்த வேகத்தில் நெற்றியின் விபூதி வியர்வையோடு வழிந்திருந்தது. திறந்திருந்த அறையையும், தரையில் உட்கார்ந்திருந்த புருஷனையும், மருமகளையும் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை.

“சந்திரா, பிராதுக்குப் பதில் வந்துடுச்சு.”

அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றான். நாற்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, நெஞ்சோடு அணைத்த ரெக்சின் பை. வாசற்படியில் ஏறாமல் நின்றான்.

“தவணை கேட்டு எழுதணும்னு கோயில்ல சாமி கும்பிட வந்திருந்த இந்தத் தம்பியக் கூப்பிட்டேன். சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்தாரு. ‘பேரு வெற்றிவேலு, விமானப்படை’ன்னேன். பேனாவக் கீழ போட்டுட்டாரு.”

“எம்பேரு ராஜாங்கம். சேத்தியாத்தோப்பு” என்றான் அவன், வெளியில் நின்றபடியே. “வெற்றிவேலும் நானும் ஒரே யூனிட்டு. போன மாசந்தான் ரிடையர்டு ஆனேன்.”

“உள்ள வா தம்பி” என்றார் கோவிந்தராசு.

ராஜாங்கம் உள்ளே வந்தான். தரையில் விமானத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

“இது... லீவுல அவன் கட்டுனதுதான? முதுகுக் கோடு தேய்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான்.” குந்தி உட்கார்ந்தான். தொடவில்லை. “காணாமப் போன விமானத்துக்கு இது அண்ணன் மாதிரி. உடம்பு ஒண்ணுதான்.”

“சொல்லு தம்பி” என்றாள் பாஞ்சாலை. “கோயில்ல சொன்னத இவங்ககிட்டயும் சொல்லு.”

ராஜாங்கம் பையைத் தரையில் வைத்தான். வைத்த பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

“அன்னைக்கு அதுல போவ வேண்டியவன் நான். டியூட்டி எனக்குத்தான் போட்டிருந்தாங்க. மறுவாரம் தங்கச்சிக்குக் கல்யாணம். டவுனுக்குப் போயி பட்டுப்புடவை எடுக்கணும்னு, வயித்து வலின்னு பொய் சொன்னேன். எனக்குப் பதிலா வெற்றிவேலு போனான். நானே டூல் பாக்ஸ் எடுத்துக் குடுத்துட்டுப் பக்கத்துல நின்னேன்.”

பார்வையை விமானத்திலிருந்து எடுக்காமலே மேலே சொன்னான்.

“மூணு தடவ விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். தெருப் பேரு கேட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன். அந்தப் புடவையக் கட்டிக்கிட்டுத் தங்கச்சி வர்றப்பல்லாம் நான் வூட்டுல இருக்க மாட்டேன். எதுனா சொல்லித் திட்டுங்கய்யா. அடிச்சாலும் அடிங்க.”

கோவிந்தராசு அவனை அடிக்கவில்லை. அவர் பார்வை பாஞ்சாலையிடம் போனது. இவனை என்ன செய்வது என்று அவளைக் கேட்பது போல இருந்தது.

பாஞ்சாலை அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எந்த ஜன்னல்ல உக்காந்தான்?”

“அம்மா?”

“நீ பக்கத்துல நின்னல்ல? அவன் உள்ள போயி எந்த ஜன்னல்ல உக்காந்தான்?”

ராஜாங்கம் விரலை நீட்டினான். “இந்தப் பக்கம். இறக்கைக்குப் பின்னால மூணாவது. அதுலேருந்துதான் கை காட்டுனான்.”

பாஞ்சாலை தலையைத் தரை வரை தாழ்த்தினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை அந்தப் பச்சைப்பயறு அளவு ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய மூச்சில் காற்றாடி அசைந்தது.

வெகுநேரம் அப்படியே இருந்தாள். கோவிந்தராசு எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தார். அவர் அவளைத் தொட்டு மற்றவர்கள் பார்த்ததில்லை.

“ஒண்ணுந் தெரியல” என்றாள் நிமிர்ந்து. “இருட்டா இருக்குது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “என்ன ஆனான்னாவது சொல்லுன்னு எழுதியிருந்தேன். சொல்லிட்டாரு.”

பிறகு புருஷனைப் பார்த்தாள். “நாளைக்கா?”

அவர் தலையாட்டினார். ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்கவில்லை.

“நானும் நீயும் முடிவு பண்ணக் கூடாது” என்றாள் பாஞ்சாலை. “கட்டிக்கிட்டவ அவ. சந்திரா, நீ சொல்லு. நாளைக்குப் போவலாமா, வேணாமா?”

ஏழு வருஷத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. பொட்டு வைத்துக்கொள் என்றார்கள், வைத்தாள். சுமங்கலிப் பூஜைக்கு வராதே என்று வேறு யாரோ சொன்னார்கள், போகவில்லை. போகலாம் என்று இப்போது சொன்னால், நாளை மத்தியானத்துக்குள் அவள் யார் என்பது முடிவாகிவிடும். வேண்டாம் என்றால், இந்த அறை இருக்கும். சீப்பு இருக்கும். இன்னும் எத்தனை வருஷமோ.

மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் விமானத்தைத் தூக்கினாள். ஒரு கிலோ கூஜாவைத் தூக்கிப் பழகிய கைக்கு, அது இருப்பதே தெரியவில்லை.

“இதுக்கு நம்பர் இல்ல” என்றாள். “நம்பர் இல்லாம எப்படி அனுப்புறது? எழுதித்தான் அனுப்பணும்.”

பாஞ்சாலை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

வெற்றிவேலின் டப்பாவில் கருப்புப் பெயிண்ட் கெட்டியாகிப் போயிருந்தது. கோவிந்தராசு மண்ணெண்ணெய் விட்டு, குச்சியால் கலக்கிக் கலக்கி இளக்கினார். சந்திரலேகா கம்பெனிப் பையிலிருந்து தன் பிரஷ்ஷை எடுத்தாள். நாலே மயிர் இருக்கும் பிரஷ். விமானத்தின் வாலை இடது கையில் பிடித்துக்கொண்டாள்.

“அதோட நம்பரு சொல்லுங்கண்ணே.”

ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டான். “ஏழு.”

எழுதினாள்.

“ஒண்ணு.”

காலையில் ஓட்டல் கப்புக்கு நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை.

“அஞ்சு.” அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். காத்திருந்தாள். “எட்டு.”

எட்டின் இரண்டு வளையமும் ஒரே இழுப்பில் கூடின. விமானத்தை மேசைமேல் வைத்தாள்.

“காயட்டும்” என்றாள்.

பாஞ்சாலை எழுந்தாள். “தம்பி சாப்பிட்டுட்டுத்தான் போவணும். நாளைக்கு ஆத்துக்கும் வரணும்” என்று சொல்லி உள்ளே போனாள். கோவிந்தராசு விரல் நுனிப் பெயிண்டைத் தேய்த்துக் கழுவப் பின்பக்கம் போனார். இருவரும் சேர்ந்தாற்போலப் போனார்கள். பின்கட்டில் அடிபம்பின் சத்தமும், அதற்கு நடுவில் அவர்கள் இரண்டு பேரும் மெதுவாக என்னவோ பேசுவதும் கேட்டது.

அறையில் சந்திரலேகாவும் ராஜாங்கமும் மட்டும்.

“தங்கச்சி” என்றான் அவன், வாசலைப் பார்த்துக்கொண்டு. “நான் முழுசா சொல்லல. அய்யா மொகத்தப் பார்த்து வாய் வரல.”

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“என் வயித்து வலி பொய்ன்னு வெற்றிவேலுக்குத் தெரியும். யாரும் அவனப் போவச் சொல்லல. அவனாத்தான் வந்து கேட்டு வாங்கிக்கிட்டான்.”

“ஏன்?”

“தீவுக்குப் போயிட்டுத் திரும்புறப்போ அந்த விமானம் மெட்ராஸ்ல ரெண்டு நாள் நிக்கும். ‘ரெண்டு நாள் கெடச்சாப் போதும்டா, ஊருக்குப் போயிட்டு வந்துடுவேன். அப்பா கோவமா இருக்குறாரு. கால்ல வுழுந்துட்டா சரியாயிடும்’னான். யாருக்கும் லெட்டர் போடல. திடீர்னு போயி நிக்கணும்னான். அவன் வூட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தான் தங்கச்சி.”

சந்திரலேகா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

சபித்துவிட்டேன் என்று ஏழு வருஷமாகச் சொல்லாமல் சுமந்தவர் பின்கட்டில் நிற்கிறார். சாபத்தால் மகன் போகவில்லை என்று இப்போது அவரிடம் சொல்லலாம். அவர் காலில் விழ வருவதற்காகத்தான் அந்த விமானத்தில் ஏறினான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இதைக் கேட்டால் அவர் நிமிர்வாரா, அப்படியே உட்கார்ந்துவிடுவாரா? சொல்லாமலே நாளை அவரை ஆற்றில் இறங்க விடலாமா?

“நீங்க இத வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“ஒங்கிட்டதான். சொல்றதும் சொல்லாததும் இனிமே ஒன் இஷ்டம்.”

பின்கட்டில் பம்பின் சத்தம் நின்றது. செருப்பில்லாத ஈரக் கால்கள் சிமெண்டுத் தரையில் நடந்து வந்தன.

“என்னம்மா, தம்பி என்ன சொல்றாரு?” கோவிந்தராசு துண்டில் கை துடைத்தபடி வாசலில் நின்றார். ஏழு வருஷத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு லேசான தெளிச்சி இருந்தது. “எல போட்டாச்சு. வரச் சொல்லு.”

“மாமா” என்றாள் சந்திரலேகா.

கூப்பிட்டுவிட்டாள். அவர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.